தக்காளியா, எண்ணெயா? மரபணு மாற்று உணவு வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஃபேமிலி குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்து விழுகிறது. 'இருபது நாள் வெளியே வைத்தாலும் கெடாத தக்காளி. இது மரபணு மாற்றுத் தக்காளி. குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். அதிகம் பகிரவும்.'

சென்னையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டரை வயதில் ஒரு குழந்தை. அதைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார். ஃபார்வர்டைப் படித்துவிட்டு மருமகள் சமையலறைக்குப் போகிறார்.

"அத்தை, இனிமே நாட்டுத் தக்காளி மட்டும் வாங்கலாம். இதெல்லாம் ஜிஎம்மாம்."

"அது என்னம்மா ஜிஎம்மு? முன்னெல்லாம் கத்தரிக்காய நறுக்கினா நாலுல ஒண்ணுல புழு இருக்கும். இப்ப ஒண்ணுலயும் காணோம். அதுவும் இதுதானா?"

இப்படியொரு பேச்சு இன்றைக்குப் பல வீடுகளில் நடக்கிறது. தக்காளியும் கத்தரிக்காயும் மாட்டிக்கொள்கின்றன. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் ரீஃபைண்டு எண்ணெய் கேனை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மரபணு மாற்று உணவைத் தவிர்க்க வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைத்தான். அது தெரியாவிட்டால் காசும் போகும், நிம்மதியும் போகும்.

ஜிஎம் என்றால் என்ன? ஹைப்ரிட்டும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரே பயிரின் இரண்டு ரகங்களை ஒட்டவைத்து, இரண்டின் நல்ல குணங்களையும் கொண்ட விதையை எடுப்பது ஹைப்ரிட், அதாவது வீரிய ஒட்டு ரகம். தக்காளிப் பூவின் மகரந்தத்தை இன்னொரு தக்காளிப் பூவில் சேர்ப்பது. தேனீ தானாகச் செய்வதை மனிதன் திட்டமிட்டுச் செய்கிறான், அவ்வளவுதான்.

மரபணு மாற்றம் வேறு. இயற்கையில் தானாக ஒட்டாத ஓர் உயிரினத்திலிருந்து மரபணுவை எடுத்து, ஆய்வகத்தில் பயிருக்குள் செலுத்துவார்கள். பிடி பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. அதன் சுருக்கம்தான் பிடி. காய்ப்புழுவின் குடலைக் கெடுக்கும் ஒரு புரதத்தை அது சுரக்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பருத்திக்குள் வைத்தால், செடியே அந்தப் புரதத்தை உண்டாக்கிக்கொள்ளும். கடிக்கும் புழு சாகும்.

அப்படியானால் இருபது நாள் கெடாத தக்காளி? நீண்ட தூரம் லாரியில் போனாலும் நசுங்காத, தடித்த தோலுள்ள வீரிய ஒட்டு ரகம் அது. ஃபார்வர்டுக்குப் பின்னால் ஒரு பழைய உண்மையும் உண்டு. உலகில் கடைக்கு வந்த முதல் மரபணு மாற்று உணவுப் பயிரே ஒரு தக்காளிதான். மெதுவாகப் பழுக்கும்படி மாற்றப்பட்ட 'ஃபிளேவர் சேவர்' என்ற ரகம் 1994-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வியாபாரம் ஓடாமல் சில ஆண்டுகளிலேயே நின்றும்போனது. கோயம்பேட்டுத் தக்காளிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

விதையில்லாத் தர்பூசணி, விதையில்லாத் திராட்சை, தைவான் கொய்யா, ரெட் லேடி பப்பாளி, ஸ்வீட் கார்ன், திசு வளர்ப்பு வாழை என்று சந்தேகப் பட்டியலில் அடிக்கடி வருகிற எதுவும் இந்தியாவில் மரபணு மாற்றுப் பயிர் அல்ல. பிராய்லர் கோழியும் அப்படித்தான். வேகமாக வளரும் கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. ஹவாய் தீவில் 1998 முதல் மரபணு மாற்றுப் பப்பாளி பயிராகிறது என்பது உண்மை. இங்கே அதற்கு அனுமதி இல்லை.

இந்தியாவில் எதற்கு அனுமதி?

ஒரே ஒரு பயிர். பருத்தி. 2002 மார்ச்சில் பிடி பருத்திக்கு மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதி கொடுத்தது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுதான். விவசாயிகள் வணிகரீதியாகப் பயிரிடலாம் என்ற நிலையில் வேறெந்த மரபணு மாற்றுப் பயிரும் இல்லை.

கத்தரிக்காய் கிட்டத்தட்ட வந்துவிட்டது. 2009 அக்டோபரில் இதே குழு பிடி கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. தமிழ்நாட்டு ரகங்கள் சிலவற்றில் பிடி மரபணுவைச் சேர்க்கும் பணியில் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இருந்தது. எதிர்ப்பு வலுத்தது. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதற்கு எதிராகப் பேசினார். அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டார். 2010 பிப்ரவரி 9-ல் தடை அறிவித்தார். விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை, மாநிலங்கள் எதிர்க்கின்றன, அவசரமும் இல்லை என்பவை அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. பக்கத்து நாடான வங்கதேசம் 2013-ல் அதே பிடி கத்தரிக்கு அனுமதி கொடுத்துப் பயிரிட்டு வருகிறது.

ஆக, மாமியாரின் கேள்விக்குப் பதில் இதுதான். கத்தரிக்காயில் புழு இல்லாததற்குக் காரணம் மரபணு அல்ல, பூச்சிமருந்து. காய்ப்புழுவுக்கு அஞ்சி அதிகமாக மருந்து அடிக்கப்படும் காய்களில் கத்தரியும் ஒன்று. 'ஜிஎம் இல்லை' என்பதும் 'மருந்து இல்லை' என்பதும் ஒன்றல்ல.

கடுகு விவகாரம் இன்னும் முடியவில்லை. டெல்லி பல்கலைக்கழகத்தில் உருவான டிஎம்ஹெச்-11 என்ற மரபணு மாற்றுக் கடுகை வயலில் விடலாம் என்று 2022 அக்டோபரில் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஜூலை 23-ல் வந்தது பிளவுபட்ட தீர்ப்பு. நீதிபதி பி.வி.நாகரத்னா அனுமதியை ரத்து செய்தார். நீதிபதி சஞ்சய் கரோல் அதைச் சரி என்றார். இது பற்றித் தேசிய அளவில் ஒரு கொள்கை வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். ஆகவே அஞ்சறைப்பெட்டிக் கடுகைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

அப்படியானால் வீட்டுக்குள் எப்படி வருகிறது?

வயலில் ஒரே பயிர்தான். ஆனால் சமையலறைக்கு வர நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, எண்ணெய். இந்தியாவின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதில் சோயா எண்ணெய் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து வருவது. அங்கே விளையும் சோயாவில் கிட்டத்தட்ட எல்லாமே மரபணு மாற்று ரகம். அந்தச் சோயாவிலிருந்து எடுத்த எண்ணெயை இறக்குமதி செய்ய 2007-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. கனோலா எண்ணெயும் அதே கதைதான். கனடாவின் கனோலா பெரும்பகுதி மரபணு மாற்று ரகம்.

பருத்திக்கொட்டை எண்ணெய் உள்நாட்டிலேயே கிடைக்கிறது. பஞ்சைப் பிரித்தபின் மிஞ்சும் கொட்டையை ஆட்டினால் எண்ணெய். குஜராத் பக்கம் அது வீட்டுச் சமையலுக்கே பயன்படுகிறது. தமிழ்நாட்டில் யாரும் கடையில் 'பருத்திக்கொட்டை எண்ணெய் ஒரு லிட்டர்' என்று கேட்பதில்லை. ஆனால் சிப்ஸ், மிக்சர் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் மூலப்பொருள் வரிசையில் அந்தப் பெயர் சில சமயம் கண்ணில் படும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நன்கு சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ ஏறக்குறைய மிஞ்சுவதில்லை. மிஞ்சுவது கொழுப்பு. மரபணு மாற்றுச் சோயா எண்ணெயையும் சாதாரணச் சோயா எண்ணெயையும் பரிசோதனைக் கூடத்தில் பிரித்துச் சொல்வதே பெரும்பாடு. 'அந்த வகை விவசாயத்துக்கு என் காசு போக வேண்டாம்' என்று நினைப்பவருக்கு இந்த எண்ணெயைத் தவிர்க்கக் காரணம் இருக்கிறது. 'உடம்புக்குள் அந்தப் புரதம் போய்விடும்' என்ற பயம்தான் காரணம் என்றால், அதற்கு இங்கே பெரிய அடிப்படை இல்லை.

இரண்டாவது வழி, இறக்குமதியான பாக்கெட் உணவு. அமெரிக்காவில் மக்காச்சோளமும் சோயாவும் 90 சதவீதத்துக்கும் மேல் மரபணு மாற்று ரகங்கள். அங்கிருந்து வரும் கார்ன் சிப்ஸ், காலை உணவு சீரியல், கார்ன் சிரப் சேர்த்த சாஸ், சோயா லெசித்தின் கலந்த சாக்லேட் என்று பட்டியல் நீளும். டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018-ல் கடைகளில் கிடைத்த 65 உணவுப் பொருட்களைப் பரிசோதித்தது. 21 பொருட்களில் மரபணு மாற்றத்தின் தடயம் இருந்தது. அவற்றில் 16 இறக்குமதியானவை.

மூன்றாவது வழி, தீவனம். மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் பருத்திப் பிண்ணாக்கும் போகின்றன. 2021-ல் சோயா பிண்ணாக்கு விலை எகிறியபோது, 12 லட்சம் டன் மரபணு மாற்றுச் சோயா பிண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. கோழிப்பண்ணைக்காரர்கள் கேட்டது அது. அப்படியானால் பாலிலும் முட்டையிலும் ஜிஎம் இருக்கிறதா? மாடோ கோழியோ தின்றதைச் செரித்துத்தான் பாலும் முட்டையும் ஆக்குகிறது. தீவனத்தில் இருந்த மாற்று மரபணுவோ புரதமோ பால், முட்டை, இறைச்சிக்குள் அப்படியே வந்து சேர்வதாகக் கண்டறியப்படவில்லை என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலைப்பாடு.

நான்காவது வழி: பருத்திப்பால்

மதுரைக்காரர்கள் இதைக் கொஞ்சம் நின்று படிக்கலாம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலம், தேங்காய்த் துருவல் போட்டுக் காய்ச்சுவது பருத்திப்பால். சளி, இருமல் என்றால் குழந்தைக்கு இரண்டு வாய் கொடுப்பது பாட்டிமாரின் வழக்கம்.

நம் கற்பனை வீட்டின் மாமியார் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் மாட்டுத்தீவனக் கடையில் ஒரு கிலோ கொட்டை வாங்கி வருகிறவர் என்று வைத்துக்கொள்வோம். மருமகள் தக்காளியைச் சந்தேகப்படுகிறார். பருத்திப்பாலைப் பாரம்பரிய உணவு என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுக்கிறார். நிலவரம் நேர்மாறானது.

நாட்டின் பருத்தியில் 90 சதவீதத்துக்கும் மேல் பிடி என்றால், பஞ்சாலையிலிருந்து கடைக்கு வரும் கொட்டையும் பிடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எண்ணெயில் புரதம் மிஞ்சாது. பருத்திப்பாலில் கொட்டையை முழுசாக அரைப்பதால் புரதமும் சேர்ந்தே வரும். தமிழ்நாட்டு வீட்டில் ஒரு மரபணு மாற்று விதையை ஏறக்குறைய நேரடியாகச் சாப்பிடும் ஒரே இடம் அநேகமாக இதுதான்.

உடனே பதறவும் வேண்டியதில்லை. பிடி புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில், அதற்கென்று உள்ள ஏற்பிகளில் ஒட்டித்தான் வேலை செய்கிறது. மனிதக் குடலில் அந்த ஏற்பி கிடையாது. மனித வயிற்றின் அமிலத்தில் அந்தப் புரதம் சிதைந்துவிடும். நன்றாகக் கொதிக்கவைத்தாலும் பெரும்பாலும் செயலிழக்கும்.

பருத்திப்பாலில் இதைவிடக் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, விதைப்புக்கென்று விற்கும் கொட்டையை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அதில் ரசாயன மருந்து பூசியிருப்பார்கள். இரண்டு, பருத்திக்கொட்டையில் இயல்பாகவே காசிப்பால் என்ற நச்சுப்பொருள் கொஞ்சம் உண்டு. நாட்டுப் பருத்தியிலும் உண்டு, பிடியிலும் உண்டு. ஆகவே எப்போதாவது ஒரு டம்ளர் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சின்னக் குழந்தைக்கு என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

பிடி வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியை இயற்கை முறையில் பயிரிடும் விவசாயிகள் தமிழ்நாட்டில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கொட்டையை நேரடியாக வாங்கலாம்.

லேபிளில் போட மாட்டார்களா?

போட வேண்டும். போடுவதில்லை. சாதாரணக் குடும்பத்தின் உண்மையான பிரச்சினை இதுதான்.

மரபணு மாற்று உணவு உள்ள பாக்கெட்டின் முகப்பில் 'ஜிஎம்' என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி 1 முதலே இருக்கிறது. எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த விதி அது. கடையில் அப்படி ஒரு பாக்கெட்டைப் பார்த்தவர்கள் அபூர்வம். 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், அனுமதியில்லாமல் மரபணு மாற்று உணவைத் தயாரிப்பதையும் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் 22-வது பிரிவில் தடுக்கிறது. அந்த அனுமதியை எப்படிக் கொடுப்பது, லேபிளை எப்படி ஒட்டுவது என்பதற்கான தனி விதிமுறை வர வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, 2021 நவம்பரில் ஒரு வரைவும் அடுத்த ஆண்டு திருத்திய வரைவும் வெளியிட்டது. ஒரு சதவீதமோ அதற்கு மேலோ மரபணு மாற்றுப் பொருள் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

இடையில் ஒரு நல்ல வேலை நடந்திருக்கிறது. ஆப்பிள், மக்காச்சோளம், கோதுமை, அரிசி, சோயா, உருளைக்கிழங்கு, தக்காளி, பப்பாளி உள்ளிட்ட 24 பயிர்களை இறக்குமதி செய்தால் 'மரபணு மாற்றம் இல்லை' என்ற சான்றிதழ் கட்டாயம் என்று 2021 மார்ச் முதல் எஃப்எஸ்எஸ்ஏஐ நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தற்செயலாகக் கலப்பதற்கு ஒரு சதவீதம் வரை சலுகை. ஆகவே இறக்குமதி ஆப்பிளைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பட்டியல் விளைபொருளுக்குத்தான். அதே சோளத்தை அரைத்துச் செய்த சிப்ஸ் பாக்கெட்டுக்கு அல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.9 சதவீதத்தைத் தாண்டினால் லேபிள் கட்டாயம். பரிசோதனையில் தெரியாத எண்ணெய்க்கும்கூட, அது மரபணு மாற்றுப் பயிரிலிருந்து வந்தது என்றால் போட்டாக வேண்டும். அமெரிக்காவிலேயே 2022 ஜனவரி முதல் இதற்கெனத் தனி லேபிள் வந்துவிட்டது.

சாப்பிட்டால் ஆபத்தா?

இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் கூச்சல் அதிகம்.

கடைகளில் இன்று இருக்கும் மரபணு மாற்று உணவுகள் பாதுகாப்புப் பரிசோதனைகளைத் தாண்டியவை, அவற்றால் உடல்நலத்துக்கு ஆபத்து வர வாய்ப்பில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 900-க்கும் அதிகமான ஆய்வுகளை அலசி 2016-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. சாதாரணப் பயிரைவிட இவற்றால் மனிதருக்கு அதிக ஆபத்து என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பது அதன் முடிவு. எலிகளுக்குப் பெரிய கட்டிகள் வந்த படங்கள் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகின்றன. அந்த 2012-ம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வை வெளியிட்ட இதழே அடுத்த ஆண்டு அதைத் திரும்பப் பெற்றது. ஆய்வாளர்கள் பின்னர் வேறொரு இதழில் அதை மீண்டும் வெளியிட்டார்கள்.

அப்படியானால் கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் முட்டாள்களா? இல்லை. சோயாவின் சத்தைக் கூட்ட பிரேசில் நட் என்ற கொட்டையின் மரபணுவைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்பது 1996-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. ரகம் கடைக்கு வரவே இல்லை. 2000-ல் அமெரிக்காவில், கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட 'ஸ்டார்லிங்க்' சோளம் மனித உணவில் கலந்து, கடைகளிலிருந்து பொருட்களைத் திரும்பப் பெறும்படி ஆனது. 'எல்லாமே ஆபத்து' என்பதும் தப்பு, 'எதுவுமே ஆபத்தில்லை' என்பதும் தப்பு என்று இந்த இரண்டு சம்பவங்களும் காட்டுகின்றன. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சோதிப்பது மட்டும் போதாது, கண்காணிக்கவும் வேண்டும்.

களைக்கொல்லி இன்னொரு விவகாரம். களைக்கொல்லி தெளித்தாலும் சாகாதபடி பல மரபணு மாற்றுப் பயிர்கள் உருவாக்கப்படுகின்றன. அவற்றில் அதிகம் பயன்படும் கிளைபோசேட்டை, 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ வகையில் 2015-ல் வைத்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. பல நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் இதை ஏற்கவில்லை. விவாதம் தொடர்கிறது.

இந்தியாவின் பெரிய சிக்கல் தட்டில் அல்ல, வயலில். பிடி பருத்தியைத் தின்றும் சாகாத இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதலில் குஜராத்திலும் பிறகு மற்ற மாநிலங்களிலும் பெருகிவிட்டது. குறையும் என்று சொன்ன மருந்துச் செலவு விவசாயியிடம் திரும்பி வந்திருக்கிறது.

இன்னொன்று. வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கொள்கிறார்களா? 1982 முதல் மனித இன்சுலின் மரபணு மாற்றப்பட்ட நுண்ணுயிர்களிலிருந்துதான் தயாராகிறது. இந்தத் தொழில்நுட்பத்தை முழுசாக வெறுக்கவும் முடியாது, கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது.

தவிர்க்க நினைப்பவர்கள் என்ன செய்யலாம்?

- எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். நிலக்கடலை, எள், தேங்காய் ஆகிய மூன்றிலும் உலகில் எங்குமே வணிகரீதியான மரபணு மாற்று ரகம் கிடையாது. சூரியகாந்தியிலும் பாமாயிலிலும் கிடையாது. கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் புழங்கும் வீட்டில் பாதி வேலை முடிந்தது. செக்கு எண்ணெய் கட்டுப்படியாகாவிட்டாலும் பரவாயில்லை. ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெயும் ரேஷன் பாமாயிலும் ஜிஎம் இல்லாதவைதான். உடல்நலத்துக்கு எது நல்லது என்பது வேறு கேள்வி.

- கலப்பு எண்ணெயின் லேபிளைப் படியுங்கள். இரண்டு எண்ணெய் கலந்திருந்தால் எது எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். சோயா, பருத்திக்கொட்டை, கனோலா மூன்றும்தான் கவனிக்க வேண்டிய பெயர்கள்.

- இறக்குமதி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்த நாடு எது, மூலப்பொருளில் சோளம், கார்ன் சிரப், சோயா இருக்கிறதா என்ற இரண்டைப் பார்த்தால் போதும்.

- மீல் மேக்கரை ஒதுக்க வேண்டாம். இந்தியாவில் விளையும் சோயா மரபணு மாற்று ரகம் அல்ல. இங்கே பயிரிட அதற்கு அனுமதியே இல்லை. உள்நாட்டுச் சோயாவில் செய்த மீல் மேக்கரையும் டோஃபுவையும் தாராளமாக வாங்கலாம்.

- ஆர்கானிக் முத்திரை உதவும். ஆர்கானிக் விதிகளில் மரபணு மாற்று விதைக்கு இடமில்லை. 'ஜைவிக் பாரத்' லோகோ இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே 'நேச்சுரல்' என்று எழுதியிருப்பதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை.

- வெளிச் சாப்பாடு கையில் இல்லை. ஹோட்டலில் எந்த எண்ணெய் என்று கேட்கலாம். பதில் கிடைக்காமலும் போகலாம். வாரத்தில் ஐந்து நாள் ஆர்டர் செய்து சாப்பிட்டுவிட்டு, ஆறாவது நாள் நாட்டுத் தக்காளி தேடுவதில் பெரிய பயன் இல்லை.

எதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்?

'நான்-ஜிஎம்ஓ' என்று எழுதிய உப்புக்கு வேண்டாம். உப்பில் மரபணுவே கிடையாது. அதே வார்த்தை அச்சிட்ட அரிசி, துவரம்பருப்பு, கம்பு, ராகி பாக்கெட்டுக்கு அந்த ஒரு வார்த்தைக்காகவே கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். இவை எதிலும் இந்தியக் கடைகளில் மரபணு மாற்று ரகம் இல்லை. பொன்னியும் ஐஆர் 20-யும் ஒட்டுக்கட்டி உருவாக்கியவை. ரேஷன் அரிசி, ரேஷன் பருப்பு சாப்பிடும் குடும்பம், விலையுயர்ந்த இறக்குமதி சீரியல் சாப்பிடும் குடும்பத்தைவிட இந்த விஷயத்தில் பத்திரமான இடத்தில்தான் இருக்கிறது.

பழத்தின் மீதுள்ள ஸ்டிக்கரில் எட்டில் தொடங்கும் எண் இருந்தால் ஜிஎம் என்பதும் வெறும் ஃபார்வர்டுதான். அந்த எண்ணை அதற்கென ஒதுக்கியது உண்மை. கடைகளில் அது புழக்கத்துக்கு வரவே இல்லை. ஒன்பதில் தொடங்கும் ஐந்திலக்க எண் ஆர்கானிக்கைக் குறிக்கும் என்பது மட்டும் சரி.

அடுத்து என்ன வரப்போகிறது?

அரிசி. 2025 மே 4-ல் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தார். சம்பா மசூரியிலிருந்து உருவான 'கமலா' ஒன்று. எம்டியு 1010-லிருந்து உருவான 'பூசா டிஎஸ்டி ரைஸ் 1' இன்னொன்று. இவற்றில் வேறு உயிரினத்தின் மரபணு எதுவும் இல்லை. நெல்லின் சொந்த மரபணுவிலேயே சிறு திருத்தம் செய்திருக்கிறார்கள். இந்த வகைக்கு, மரபணு மாற்றுப் பயிருக்கு உள்ள கெடுபிடிகளில் பலவற்றிலிருந்து 2022 மார்ச்சிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். திருத்தமும் மாற்றமும் ஒன்றா, லேபிள் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் இனி சோற்றுப்பானைக்கே வரும். அமெரிக்காவின் மரபணு மாற்றுச் சோளத்துக்கும் சோயாவுக்கும் சந்தையைத் திறப்பது பற்றிய பேச்சும் 2025-ன் வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் அடிபட்டது.

அதனால்தான் லேபிள் முக்கியம். சாப்பிடலாம் என்று நினைப்பவர் சாப்பிடட்டும், வேண்டாம் என்பவர் ஒதுக்கட்டும். எது எதில் இருக்கிறது என்று இருவருக்கும் தெரிய வேண்டும். இறக்குமதி பாக்கெட் ஒன்றில் சந்தேகம் இருந்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் புகார் செய்யலாம்.

கற்பனை வீட்டுக்குத் திரும்புவோம். தக்காளி தப்பித்துவிட்டது. கத்தரிக்காயை உப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு வைக்கிறார்கள். மாதாந்திர லிஸ்டில் சோயா எண்ணெய் இருந்த இடத்தில் கடலெண்ணெய் ஏறியிருக்கிறது, கால் லிட்டர் குறைவாக.

"அப்போ பருத்திக்கொட்டைய என்னம்மா பண்றது?"

"இருக்கட்டும் அத்தை. பெரியவங்க நம்ம குடிச்சுக்கலாம். பாப்பாவுக்கு டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடுப்போம். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப கருங்கண்ணி போட்டவங்க யாராவது இருக்காங்களான்னு விசாரிங்க."

"விசாரிக்கிறேன். நீ அந்த வாட்ஸ்அப்புக்குப் பதில் போடு முதல்ல."